பியூஸ் இருந்த இடத்தில் ஒரு பல்ப்

கொட்டாஞ்சேனையில் டிங்கர் வேலை முடித்துக் காரை எடுத்து வந்த மூன்றாம் நாள் பிரேக் லைட் எரியவில்லை. சிக்னலும் இல்லை. பின்னால் வந்த ஓட்டோக்காரன் பக்கத்தில் வந்து, சிங்களத்தில் இரண்டு சொல் திட்டி, காரின் பின்பக்கத்தைக் கையால் காட்டிவிட்டுப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அப்போது காரில் நான் மட்டும்தான் இருந்தேன்.

கார் என்னுடையதல்ல. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் இருக்கும் ஓர் அம்மாவுடையது. தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்துவிட்டார். மகன் வெளிநாட்டில். இரண்டு வருடங்களுக்கு முன் பாரிசவாதம் வந்து இடது கை முழுதாக விழுந்துவிட்டது. இடது காலை இழுத்து இழுத்து, வலது கையில் தடி பிடித்து நடப்பார். செவ்வாயும் வெள்ளியும் தெஹிவளைப் பக்கம் ஒரு கிளினிக்குக்கு உடற்பயிற்சிக்குக் கூட்டிப் போக வேண்டும். அதுதான் என் வேலை. கார் நிறுத்தும் இடத்துக்குப் பின்னால் ஓர் அறையும் தந்திருந்தார்கள்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வவுனியாவில் அரிசி ஆலை, புத்தளத்தில் இறால் பண்ணை, கட்டாரில் நாலு வருடம் லொறி, திரும்பி வந்து மலைநாட்டுக்கு மரக்கறி லொறி. ஓர் இடத்தில் ஒரு வருடத்துக்கு மேல் நின்றது குறைவு. வெள்ளவத்தையில் இரண்டு வருடம் நின்றுவிட்டேன். ஏன் நின்றேன் என்று என்னையே கேட்டதில்லை. அறையில் காற்று வரும், அம்மா அதிகம் கேள்வி கேட்கமாட்டார், அவ்வளவுதான்.

கார் பழைய ஜப்பான் கார். அம்மாவின் கணவர் வாங்கியது. அதைவிடப் பழையதுகளும் கொழும்பு வீதியில் ஓடுகின்றன, ஆனால் இதன் இடது பக்கத்தை ஒரு பஸ் உரசியதில் முன் மட்காட்டும் கதவும் நசுங்கிப் போயின. நசுங்கிய தகரத்தைத் தட்டி நிமிர்த்தும், எனக்குத் தெரிந்த ஒரு டிங்கர் பாஸ் கொட்டாஞ்சேனையில் இருக்கிறார் என்று சொல்லி, நான்தான் அவரிடம் கொண்டுபோனேன். முன் கண்ணாடிக்குக் கீழே துருவும் பிடித்திருந்தது. அதையும் வெட்டி ஒட்டி, பெயின்ட் அடித்து, பத்து நாளில் தந்தார். வேலை சுத்தமாக இருந்தது. அம்மா கதவைத் தடவிப் பார்த்து, "புதுக் கார் மாதிரி வந்திட்டுது" என்றார்.

பியூஸ் பெட்டியைத் திறந்து பார்த்தேன். சிக்னலுக்கும் பிரேக் லைட்டுக்குமான பியூஸ் எரிந்திருந்தது. பத்து அம்பியர். காலிக்குப் போகும் பெருவீதியில் ஒரு கடையில் வாங்கிப் போட்டேன். எரிந்தது. சந்தோஷப்பட்டேன். மறுநாள் செவ்வாய்க்கிழமை அம்மாவை ஏற்றிக்கொண்டு போகையில், வீதியில் பைப் போடத் தோண்டி மூடிய ஒரு பள்ளத்தில் சில்லு இறங்கி ஏறியது. சிக்னல் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது, நின்றது.

திரும்பவும் கடைக்குப் போனேன். பத்து முடிந்துவிட்டது என்றான் கடைக்காரன்.

"முப்பது இருக்கு, போடுங்க. இது போகவே போகாது."

போட்டேன். அது போகவே இல்லை.

வயர் தாங்காத அளவு கரண்ட் போனால், வயர் எரிவதற்கு முன் பியூஸ் எரிந்து பாதையை வெட்டிவிடத்தான் அதை வைத்திருக்கிறார்கள். இருபது வருடம் வாகனம் ஓட்டியவனுக்கு அது தெரியும். தெரிந்தும் முப்பதைப் போட்டேன். செவ்வாய் தாண்டி வெள்ளி வரை சிக்னல் அழகாக வேலை செய்தது. நானும் மறந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை தெஹிவளைப் பாலத்துக்குக் கிட்ட வாகனங்கள் நெருக்கி நின்றபோது மணம் வந்தது. ரப்பரும் இல்லை, பெற்றோலும் இல்லை. சீனி கருகுவது மாதிரித் தொடங்கி, பிறகு தொண்டையில் பிடிக்கிற மணம்.

"என்ன மணம் தம்பி?" என்றார் அம்மா. "ஆரோ பிளாஸ்ரிக் எரிக்கினம் போல."

"ஓம் அம்மா, வெளியில" என்றேன்.

கண்ணாடியை இறக்கினேன். வெளியே கடல் காற்றும் பஸ் புகையும்தான் இருந்தன. எனக்கு முன்னும் பின்னும் வாகனம். ஓரமாக்க இடமில்லை. அம்மா எனக்குப் பக்கத்து இருக்கையில், இடது பக்கம் இருந்தார். அவருக்குக் கதவு இடது பக்கம். இடது கை மடியில் கிடந்தது, ஆரோ கொண்டுவந்து வைத்த கை மாதிரி. முன்பு எப்போதும் அதைக் கவனித்ததில்லை. அந்தக் கதவை அவரால் திறக்க முடியாது என்பது அந்தப் பாலத்தில் வைத்துத்தான் எனக்கு விளங்கியது.

கட்டாரில் ஒரு பிக்கப் எரிந்ததைப் பார்த்திருக்கிறேன். ஓட்டியவன் குதித்துத் தப்பிவிட்டான். முன்மூடியில் புகை வந்ததிலிருந்து உள்ளே இருக்கை எரிந்தது வரைக்கும் நான் கையில் இருந்த சிகரெட்டில் பாதிகூடக் குடித்திருக்கவில்லை.

கிளினிக்கில் அம்மாவை இறக்கும்போது மனதுக்குள் எண்ணினேன். நான் இறங்கிச் சுற்றி ஓடி, கதவைத் திறந்து, பெல்ட்டைக் கழற்றி, இரண்டு காலையும் வெளியே திருப்பி, அவர் கை என் தோளில் பிடித்து எழும்பி நிற்கும் வரைக்கும். தொண்ணூற்று நாலு. அன்று அவருக்கு நல்ல நாள், நோவு இல்லை.

அவர் உள்ளே பயிற்சியில் இருந்த நேரம் பியூஸ் பெட்டியைத் திறந்தேன். முப்பது பத்திரமாக இருந்தது. அதைச் சுற்றியிருந்த பிளாஸ்ரிக் தேயிலைச் சாயம் பிடித்த கோப்பை மாதிரி மண்ணிறமாகியிருந்தது. பிடுங்கி வெளியே எறிந்தேன். திரும்பி வரும்போது சிக்னலும் இல்லை, பிரேக் லைட்டும் இல்லை. வலது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி நீட்டி ஓட்டினேன்.

"என்ன, அந்தக் காலத்து மாதிரிக் கை காட்டுறீர்?"

"பல்ப் போயிட்டுது அம்மா. நாளைக்கு மாத்திறன்."

அன்றே சொல்லியிருக்கலாம். சொல்லாததற்கு நான் என்னிடம் சொன்ன காரணம், அவர் பயந்துவிடுவார் என்பது. உண்மைக் காரணம் வேறு. மகன் ஞாயிறுதோறும் தொலைபேசியில், இந்தப் பழைய காரை விற்றுவிட்டு டாக்சி பிடியுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கார் போனால் ஓட்டுபவனும் போவான், அறையும் போகும். அந்த டிங்கரைக் காட்டியதும் நான், முப்பதைப் போட்டதும் நான். வாயைத் திறந்தால் எல்லாம் என்னிடம்தான் வந்து நிற்கும்.

சனிக்கிழமை காலை கொட்டாஞ்சேனைக்குப் போனேன். துறைமுகத்துக் கொள்கலன் லொறிகள் திரும்பும் வீதிக்குப் பின்னால் பாஸின் கராஜ். நாலு தகரக் கூரை, ஒரு மாதா சொரூபம், அதற்கு முன்னால் பாதி உரித்த ஒரு வேன். மணத்தையும் பெட்டியில் இருந்த முப்பது பியூஸையும் சொன்னதும் பாஸின் முகம் மாறிவிட்டது.

"அண்ணே, நான் தகரம். கரண்ட்டுண்டா எனக்குப் பயம். எங்க வீட்டுல பல்ப் மாத்துறதே பொஞ்சாதிதான்."

"இல்ல பாஸ், வெல்டிங் செய்யேக்க எங்கயாவது வயர் பட்டிருக்கும்."

"பட்டிருந்தா நான் சொல்ல மாட்டேனா? வாங்க, நீங்களே பாருங்க."

புதுப் பெயின்ட்டில் கீறல் விழாமல் துணி விரித்து, மட்காட்டுக்கு உள்ளே இருந்த மூடியைக் கழற்றிக் காட்டினார். வயர் கட்டுக்குப் புதிய டேப் சுற்றியிருந்தது. கால்மிதியைத் தூக்கினார். வெல்டிங் செய்த இடத்தில் கையை வைத்துத் தேய்த்தார். எல்லாம் ஒழுங்கு.

"கண்ணாடி கழட்டினேன். டாஷ்போர்ட மேல தூக்கினேன், திருப்பி வச்சேன். மத்த கராஜில வேல முடிஞ்சா ஒரு கை ஸ்க்ரூ மிஞ்சும். எங்கிட்ட ஒண்ணு மிஞ்சிச்சா பாருங்க." மண்ணிறமான பியூஸ் பெட்டியைத் தட்டி, "அந்த முப்பது பியூஸ் யாரு போட்டது?" என்றார்.

நான் குனிந்து கால்மிதியைத் திரும்ப விரித்தேன்.

"ஆ," என்றார் பாஸ். "அப்ப கள்ளன் நான் மட்டும் இல்ல."

பத்து அம்பியர் பியூஸ் ஒன்று போட்டுவிட்டு, அவரே ஓட்டிப் பார்த்தார். துறைமுக வீதியில் போய் வந்தோம். சிக்னல் அடித்தது, பிரேக் லைட் எரிந்தது. மணம் இல்லை. "பாருங்க," என்றார். ஒன்றும் கண்டுபிடிக்காமல் சரியாகிவிட்ட பழுதைப் போல் பயம் தருவது வேறில்லை. அதைவிடப் புகை வந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

சனியும் ஞாயிறும் திங்களும் பற்றரி வயரைக் கழற்றி வைத்தேன். அறைக்கும் காருக்கும் நடுவில் ஒரு சுவர்தான். கழற்றிய பிறகும் இரண்டு தடவை எழும்பிப் போய் முகர்ந்து பார்த்தேன்.

செவ்வாய் வந்தது. காலையில் சமையலுக்கு வரும் பெண்ணிடம் கேட்டுக் குசினியிலிருந்து ஒரு சிறிய கத்தி வாங்கி, பத்திரிகைத் தாளில் சுற்றி என் இருக்கைக்குப் பக்கத்தில் செருகினேன். பெல்ட் சிக்கினால் வெட்ட. இரண்டு பெரிய போத்தல் தண்ணீரும் காலடியில் வைத்தேன். ஒரு காருக்கு இரண்டு போத்தல் தண்ணீர் என்ன செய்யும் என்று கேட்க எனக்குள் ஆள் இல்லை.

அம்மாவுக்குக் கண் கூர்மை. "கத்தி எதுக்கு?"

"மாங்காய் வெட்ட, அம்மா."

"மாங்காய் எங்க?"

"வாங்க வேணும்."

வழி முழுக்க மூக்கால்தான் ஓட்டினேன். முன்னால் போகிற லொறியின் புகை, வடை பொரிக்கிற எண்ணெய், மீன் பெட்டி, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக விலக்கி, அந்த ஒரு மணம் வருகிறதா என்று பார்த்தேன். பள்ளம் கண்டால் ஊர்ந்தேன். பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். அம்மா, "ஏன் தம்பி, பிரேத ஊர்வலம் மாதிரிப் போறீர்?" என்று கேட்டார். போய்ச் சேர்ந்தோம். வந்து சேர்ந்தோம். வீட்டு வாசலில் நிறுத்தப் பிரேக் மிதித்தபோது பின் சுவரில் சிவப்பு வெளிச்சம் விழவில்லை. வழியில் எங்கோ பியூஸ் மறுபடி போயிருந்தது. இந்த முறை பத்துப் போட்டிருந்ததால் போயிருந்தது. முப்பது இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று வாசலிலேயே நின்று யோசித்தேன்.

வெள்ளிக்கிழமைக்கு நடுவில் இரண்டு நாள்தான் இருந்தது. புதன் காலை, காருக்கு ஓயில் மாற்ற வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு மருதானைக்குப் போனேன். பழைய வாகனச் சாமான் கடைகளின் பின்புறம், ஒரு கார் நுழைகிற அளவு சந்தில், வயரிங் வேலை செய்யும் ஒரு முஸ்லிம் நானா இருந்தார். மரக்கறி லொறி ஓட்டிய காலத்தில் பழக்கம். மெலிந்த ஆள், காதில் எப்போதும் ஒரு டெஸ்டர் செருகியிருக்கும். நான் எல்லாவற்றையும் சொன்னேன். முப்பதையும் சொன்னேன். அவரிடம் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. வேலைக்காரனுக்கு உண்மை தேவை.

"முப்பதா!" என்றார். "ஒங்களுக்கு ஊட்டுல ஆரோடயும் சண்டையா அண்ணே? சாவுறதுக்கு வேற வழி ஈக்கே."

பிறகு எரிந்த பியூஸைப் பிடுங்கினார். அந்த இரண்டு துளைக்குள்ளும் இரண்டு வயரைச் செருகி, மறுமுனையில் ஒரு பெரிய ஹெட்லைட் பல்ப்பைக் கட்டி, கண்ணாடியில் சாய்த்து வைத்தார்.

"பியூஸ் ஒரு தரம் சொல்லிட்டு மவுத்தாப் போயிரும். இவன் சாவ மாட்டான். எங்க வயர் ஷோட் ஆகி ஈக்கோ அங்க கை பட்டா எரிவான். பட்டாத்தான் எரிவான். நீங்க காரக் குலுக்குங்கோ."

நான் மட்காட்டில் இரண்டு கையும் வைத்துக் குலுக்கினேன். பல்ப் மின்னியது. அணைந்தது. மறுபடி மின்னியது. ஐந்து நாளாக மூக்கால் தேடியதைக் கண்ணால் பார்த்தது அதுதான் முதல் தடவை. முப்பது இருந்த அந்த வெள்ளிக்கிழமை, கிளினிக் போய்ச் சேரும் வரை அது அம்மாவுக்கு முன்னால் இப்படித்தான் மின்னிக்கொண்டு இருந்திருக்கிறது.

நானா அவசரப்படவில்லை. பின் லைட்டுகளின் இணைப்பைக் கழற்றினார். குலுக்கச் சொன்னார். மின்னியது. பிரேக் மிதியின் கீழ் இருக்கும் சுவிட்சைக் கழற்றினார். மின்னியது. முன் சிக்னல், பக்கச் சிக்னல், ஸ்டியரிங்கில் இருக்கும் சுவிட்ச். ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொரு முறையும் "குலுக்குங்கோ" என்றார். ஒவ்வொரு முறையும் பல்ப் அவரைப் பார்த்துக் கண்ணடித்தது. இடையில் தேநீரும் மாட்டிறைச்சி ரோல்ஸும் வாங்கிவரச் சொல்லிச் சாப்பிட்டோம். மத்தியானம் ஆகிவிட்டது.

கடைசியில் நானா முழங்காலில் இருந்து டாஷ்போர்டைக் கையால் தட்டிக்கொண்டு வந்தார். வலது பக்கம் தட்டினால் ஒன்றுமில்லை. நடுவில் ஒன்றுமில்லை. இடது பக்கம் போகப் போகப் பல்ப்புக்கு உயிர் வந்தது. அங்கே வந்து அவர் கை நின்றது.

அங்கே ஒரு பிள்ளையார் இருந்தார். விரல் நீளப் பித்தளைப் பிள்ளையார், கறுத்த பிளாஸ்ரிக் பீடத்தில். அம்மாவின் கணவர் கார் வாங்கிய அன்று வைத்தது. அதைப் பற்றி இதுவரை எழுதவில்லை, ஏனென்றால் நானும் அதைக் காரின் ஒரு சாமானாக நினைத்ததே இல்லை. அம்மா ஒவ்வொரு முறை ஏறும்போதும் வலது கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றுவார். கொட்டாஞ்சேனையில் பாஸும் எல்லாவற்றையும் கழற்றிக் காட்டினார், அதைச் சுற்றிக் கையை வளைத்துக்கொண்டு போனார். நானாவும் காலையிலிருந்து அதையே செய்திருக்கிறார் என்பது இப்போதுதான் தெரிந்தது.

"அண்ணே, இதுக்குக் கீழ பாக்கணும். ஒங்கட சாமிய நாங்க தொடுறது சரியில்ல. நீங்க எடுங்கோ."

நான் கையை நீட்டிவிட்டு இழுத்துக்கொண்டேன். விரலில் ரோல்ஸ் எண்ணெய். கழுவினால் போகும்தான். ஆனால் அது என் பிள்ளையாரும் இல்லை. செத்தவர் வைத்தது, இருக்கிறவர் தினம் தொடுவது.

"ஏலாட்டி அம்மாட்டக் கேளுங்கோ," என்றார் நானா. "ஆள் உயிரோட ஈக்கிறாங்கதானே."

சந்தின் வாயில் நின்று தொலைபேசியில் எடுத்தேன். மருதானைப் பஸ்கள் காதைக் கிழித்தன.

"அம்மா, காரில இருக்கிற பிள்ளையாரைக் கொஞ்சம் கழட்டலாமோ?"

"ஓயில் மாத்தப் பிள்ளையாரை ஏன் கழட்ட வேணும்?"

"ஒரு சின்ன வயர் பிரச்சினை, அம்மா."

"சின்னது எண்டால் பிள்ளையாரிட்ட ஏன் போறீர்?"

எனக்கு அடுத்த பொய் வரவில்லை. வாய் தானாகத் திறந்தது. பாலத்தில் வந்த மணம் வெளியிலிருந்து வந்ததல்ல என்றேன். முப்பது அம்பியரைச் சொன்னேன். கத்தி மாங்காய்க்கு இல்லை என்றேன். கதவைத் தன்னால் திறக்க முடியாத ஒருவரை எரியக்கூடிய காரில் நாலு தடவை ஏற்றி இறக்கினேன் என்பதை அப்படியே, அந்தச் சொற்களில் சொன்னேன். தொடர்பு அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன். அறவில்லை.

"கையைக் கழுவிப்போட்டுக் கழட்டும்," என்றார். "கழட்டிக் கொண்டு வாரும்." வைத்துவிட்டார்.

சவர்க்காரம் போட்டுக் கை கழுவினேன். பிள்ளையாரைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. முன்பெல்லாம் ஒட்டு நாடாவில்தான் இருந்தார், வெயிலுக்கு இளகி ஆடுவார். வேலை முடிந்து வந்த பிறகு ஆடவில்லை என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை. இடது பக்கம் சாய்த்தேன். கண்ணாடியில் சாய்ந்திருந்த பல்ப் பளீரென்று எரிந்தது. வலது பக்கம் சாய்த்தேன். அணைந்தது. மறுபடி இடது. எரிந்தது.

"அல்லாஹ்வே," என்றார் நானா மெதுவாக. "விடுங்கோ, விடுங்கோ. அவரப் போட்டு ஆட்டாதீங்கோ."

பீடத்தின் பின்பக்கம், காய்ந்த பூவுக்குக் கீழே, ஒரு ஸ்க்ரூவின் தலை. கழற்றினோம். என் சுட்டுவிரல் நீளம். டாஷ்போர்டைத் துளைத்து, அடியில் போகும் வயர்க் கட்டுக்குள் புகுந்து, அதற்கும் கீழே இருந்த இரும்புச் சட்டத்தில் அதன் நுனி உரசியிருந்தது. கார் குலுங்கக் குலுங்க வயரின் தோலை அது அறுத்திருக்கிறது. நுனி கருகியிருந்தது. டாஷ்போர்டைத் தூக்கியபோது மூன்று வயர் ஒன்றோடொன்று உருகி ஒட்டியிருந்ததைக் கண்டோம். நானா அந்தத் துண்டை வெட்டி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

அவர் புது வயர் போட்டுக்கொண்டிருந்தபோது டிங்கர் பாஸுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"ஐயோ, அது நான்தான்," என்றார் உடனேயே. "டாஷ்போர்ட தூக்கயில அது கழண்டு காலடியில விழுந்திருச்சு அண்ணே. சாமி கால்ல கெடக்கிறதப் பாத்துட்டு நான் சும்மா விடுறதா? எங்க மாதாவுக்கு அப்படி விடுவேனா? இனி விழவே கூடாதுன்னுதான் பெரிய ஸ்க்ரூவாத் தேடி அடிச்சேன்."

"அண்டைக்கு ஏன் பாஸ் சொல்லேல்ல?"

"நீங்க வேலையத்தானே கேட்டீங்க. அது வேல இல்லயே."

தொலைபேசியை வைத்துவிட்டு நானாவுக்கு வயரைப் பிடித்துக் கொடுத்தேன்.

பல்ப்பை எடுத்துவிட்டுப் பத்து அம்பியர் போட்டு, நானாவே என்னோடு ஏறி, பள்ளம் இருக்கிற வீதியாகத் தேடித் தேடி ஓடச் சொன்னார். பியூஸ் நின்றது. "இனிப் பயமில்ல," என்றார். காரைப் பற்றிய பயம் இல்லைதான். வெள்ளவத்தைக்குப் போகும் வழி முழுக்க அறையில் இருந்த சாமான்களை மனதுக்குள் ஒரு பையில் அடுக்கிப் பார்த்தேன். ஒரு பை போதும். எப்போதும் ஒரு பைதான்.

அம்மா சாப்பாட்டு மேசையில் இருந்தார். பிள்ளையாரைப் புதுத் துவாயில் சுற்றி அவர் முன்னால் வைத்தேன். பக்கத்தில் ஸ்க்ரூவையும் கருகிய வயர்த் துண்டையும் வைத்தேன். வயரைக் கையில் எடுத்து நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"நீர் காரை எத்தினை தரம் பாத்தீர்?"

"பத்துத் தரம் இருக்கும் அம்மா."

"என்னை ஒரு தரம் கேட்டீரோ?"

"நீங்கள் பயப்படுவியள் எண்டு..."

"பயப்பட எனக்கு உரிமை இல்லையோ? கை விழுந்தால் மனமும் விழுந்திட்டுது எண்டு நினைச்சீரோ?" குரல் உயரவில்லை. "என்னைச் சீமெந்து மூட்டை மாதிரி ஏத்தி இறக்கினீர். மூட்டைக்கு ஆரும் சொல்லுறேல்லைத்தான்."

"மகனுக்கு நான் சொல்லட்டோ?"

"அவனுக்கு நான் சொல்லுவன். எப்ப சொல்லுறது எண்டு நான் பாக்கிறன். இப்ப போம்."

பிள்ளையார் வீட்டு அலமாரியில் இருந்துவிட்டார். வியாழக்கிழமை முழுக்க அம்மா என்னைக் கூப்பிடவில்லை. நானும் பையை எடுக்கவில்லை. போகச் சொல்லும் வரை நிற்பது என்று இருந்தேன். போகச் சொல்வதற்கு முதலே போய்விடுவதுதான் என் வழக்கம். அன்று அப்படிச் செய்ய மனம் வரவில்லை.

வெள்ளி காலை வழக்கமான நேரத்துக்குக் காரை வாசலில் நிறுத்தி, முன் இடது கதவைத் திறந்து பிடித்தேன். அம்மா தடியோடு வந்து நின்றார்.

"அதை மூடும்."

மூடினேன். அவர் காரின் பின்பக்கமாகச் சுற்றி நடந்தார். வலது பக்கத்துப் பின் கதவுக்கு, என் இருக்கைக்கு நேர் பின்னால். அந்தக் கதவு அவருடைய நல்ல கைப் பக்கம். பிடிக்கப் போனேன்.

"விடும். நீர் போய் உம்மட இடத்தில இரும். திரும்பிப் பாக்கக் கூடாது."

இருந்தேன். கதவு திறந்தது. கார் ஒரு பக்கம் சரிந்தது, மூச்சு வாங்கும் சத்தம், தடி எங்கோ இடித்தது, கதவு மூடியது. திரும்பவில்லை. ஆனால் கண்ணாடி இருக்கிறதே, அதில் பார்த்தேன். அவர் இருக்கையில் நேராக இருந்தார். நெற்றியில் வியர்வை.

"றோட்டுப் பக்கம் இறங்க வேணும் அம்மா. வாகனம் வரும்."

"வாகனத்தைப் பாக்க எனக்குக் கண் இருக்கு. இப்ப நான் இறங்கப் போறன். நீர் ஒண்டும் செய்யாதேயும்."

கைப்பிடியை இழுத்தார். கதவு கொஞ்சம் திறந்து திரும்பி வந்து மூடியது. பழைய கார், கனத்த கதவு. மறுபடி இழுத்தார். மறுபடி மூடியது. என் கை தானாக என் கதவுக்குப் போனது. அதை இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். மூன்றாம் தடவை, கதவு திறந்த கணத்தில் தடியை இடைவெளியில் செருகித் தள்ளினார். திறந்து நின்றது. வலது கால் வெளியே போனது. பிறகு வலது கையால் இடது முழங்காலைச் சேலையோடு சேர்த்துத் தூக்கி வெளியே வைத்தார். கதவுச் சட்டத்தைப் பிடித்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கார் மெதுவாக உயர்ந்தது.

வெளியே நின்று, என் ஜன்னலுக்குள் குனிந்து பார்த்தார். முகம் சிவந்திருந்தது.

"திரும்பவும்," என்றார்.

நாலு தடவை செய்தார். கிளினிக்குக்கு அரை மணி நேரம் பிந்திப் போனோம். ஏன் பிந்தினீர்கள் என்று அங்கிருந்த பெண் கேட்டாள்.

"இண்டைக்குப் பயிற்சியை வீட்டிலயே தொடங்கிப்போட்டன்," என்றார் அம்மா.